பனிக்கட்டி மேல் போடும் மீன்பிடி டென்ட் கிழிந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரியில் சிம்கோ ஏரி இறுகியதும் ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஓடுகிற வண்டிகளில் இப்போது நம்மவர்களும் நிறையப் பேர். மரத்தால் செய்த ஹட்டை வாடகைக்கு எடுத்து உட்காருகிறவர்கள் உண்டு. சொந்தமாக டென்ட் வாங்கி, தாங்களே இழுத்துப் போய்ப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. இங்கே எழுதியிருப்பது இந்த இரண்டாவது ஆட்களுக்காக. மூன்று நான்கு குளிர்காலம் கண்ட டென்ட் எங்காவது கிழியத்தான் செய்யும். பல நூறு டொலர் கொடுத்து வாங்கியதை ஒரு சாண் கிழிசலுக்காகக் குப்பையில் போடுவதைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. பெரும்பாலான கிழிசல் ஒரு மாலை நேர வேலைதான். நண்பர்களும் உறவுகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு, கையால் செய்து பார்த்த பதில்கள் இவை.

என் டென்ட் எந்த வகை? அது தெரிந்தால்தான் திருத்த முடியுமா?

ஆம், முதலில் அதைப் பாருங்கள். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, அடியில் பிளாஸ்டிக் ஸ்லெட் வைத்து, துணியை முன்னால் கவிழ்த்து மூடுகிற வகை. மினசோட்டாக்காரரான டேவ் கென்ஸ் 'பிஷ் டிராப்' என்ற பெயரில் செய்து பிரபலமாக்கியது இதைத்தான். மற்றது, ஒவ்வொரு சுவரின் நடுவிலும் கூரையிலும் ஒரு உலோகக் குமிழ் இருக்க, அதிலிருந்து பைபர்கிளாஸ் கம்பிகள் நான்கு பக்கமும் விரிந்து துணியை வெளியே தள்ளி நிற்கிற வகை. இதை ஹப் டென்ட் என்பார்கள். நம்மவர்களிடம் அதிகம் இருப்பது இதுதான்.

கவிழ்க்கிற வகையில் துணி தடிப்பு. ஹப் டென்டில் துணி அதைவிட மெல்லியது, ஆனால் எந்நேரமும் கம்பிகளால் இழுபட்டு நிற்கும். அதனால் ஒரே அளவு கிழிசலுக்கு ஹப் டென்டில் கூடுதல் பலம் கொடுத்துத்தான் திருத்த வேண்டும். டென்டின் உறையில் 300 டெனியர், 600 டெனியர் என்று எழுதியிருக்கும். 9,000 மீற்றர் நூல் எத்தனை கிராம் என்பதே அந்த எண். எண் கூடினால் நூல் தடிப்பு. ஒட்டுப் போடும் துணியை அதே தடிப்பில், அல்லது ஒரு படி கூடுதலாக எடுங்கள்.

உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த டென்டா என்பதையும் விரலால் நசுக்கிப் பாருங்கள். அதற்கு வேலை கொஞ்சம் வேறு.

கிழிசலைத் தைக்க வேண்டுமா, ஒட்டினால் போதுமா?

இதற்குப் பதில் சொல்ல முன் நான் திருப்பிக் கேட்பது, எது கிழித்தது என்பதைத்தான். பனிக்கட்டியில் துளை போடுகிற ஓகரின் கத்தி உரசி நடுச் சுவரில் விழுந்த வெட்டு என்றால் துணியில் வேறு குறை இல்லை. ஒட்டினால் போதும். குமிழுக்குப் பக்கத்திலோ மூலையிலோ தையல் ஓரத்திலோ தானாகக் கிழிந்திருந்தால், அந்த இடம் இழுவையைத் தாங்காமல் விட்டுவிட்டது என்று அர்த்தம். அங்கே வெறும் டேப் ஒட்டினால் அடுத்த காற்றுக்கு டேப்புக்குப் பக்கத்திலேயே மறுபடி கிழியும். அதைத் தைத்தே ஆக வேண்டும்.

ஊரில் வலை பொத்துகிறவர்கள் அறுந்த கண்ணை மட்டும் பார்ப்பதில்லை. சுற்றியிருக்கிற நூலை விரலால் இழுத்துப் பார்த்து, நைந்ததையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, நல்ல நூலிலிருந்துதான் முடிச்சைத் தொடங்குவார்கள். டென்டுக்கும் அதே கணக்கு. கிழிசலைச் சுற்றி இரண்டு கைகளாலும் துணியை இழுத்துப் பாருங்கள். இழை விலகுகிற இடம், பூச்சு உதிர்கிற இடம் எல்லாம் ஒட்டுக்குள் அடங்க வேண்டும். ஒட்டின் ஓரம் விழுவது பலமான துணியில்.

ஒட்டும் முறை இது. டென்டை வீட்டுக்குள் கொண்டுவந்து, விரித்து, முழுக்கக் காய விடுங்கள். குளிரில் எந்தப் பசையும் பிடிக்காது. கராஜில் வைத்து அவசரமாக ஒட்டியது ஏரிக்குப் போனதும் தோல் உரிகிற மாதிரி உரியும். இடத்தை ரப்பிங் அல்கஹோல் தொட்ட துணியால் துடையுங்கள். கிழிசலின் இரண்டு உதடுகளையும் சேர்த்துவைத்து, உள்பக்கம் ஒரு துண்டு டேப்பால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒட்டை நாலா பக்கமும் குறைந்தது 3 செ.மீ. கூடுதலாக வெட்டி, மூலைகளை வட்டமாகக் கத்தரியுங்கள். கூர் மூலைதான் முதலில் கிளம்பும். நடுவிலிருந்து வெளியே தேய்த்து ஒட்டி, மேலே தடித்த புத்தகங்களை அடுக்கி ஒரு நாள் விட்டுவிடுங்கள். கியர் எய்ட் நிறுவனத்தின் டெனேஷியஸ் டேப் இந்த வேலைக்கென்றே வருகிறது. முடிந்தால் உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொன்று ஒட்டுங்கள். ஒற்றை ஒட்டைவிட நெடுநாள் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. வன்பொருள் கடையில் விற்கும் சிலிக்கோன் பசையைத் தொடாதீர்கள். டென்ட் துணியின் பூச்சு பொதுவாகப் பொலியூரித்தேன். சிலிக்கோன் அதில் சரியாகப் பிடிக்காது என்பதோடு, ஒருதரம் பூசிவிட்டால் பிறகு நல்ல பசையும் அந்த இடத்தில் நிற்காது. யூரித்தேன் பசைதான் இதற்குப் பொருத்தம். அக்வாசீல் அந்த வகை.

தையல் இயந்திரம் இல்லை. கையால் தைத்தால் தாங்குமா?

தாராளமாகத் தாங்கும், நூல் சரியாக இருந்தால். சட்டை தைக்கிற பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் இற்றுப்போகும். தடித்த பொலியெஸ்டர் நூல் எடுங்கள். செருப்புத் தைக்கிற குத்தூசி ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அமெரிக்காவில் 1909 முதல் விற்கிற 'ஸ்பீடி ஸ்டிச்சர்' என்ற மரப்பிடிக் குத்தூசி இன்றும் கிடைக்கிறது. பிடிக்குள்ளேயே நூற்கண்டு இருக்கும். பஞ்சு வைத்த டென்டின் மூன்று அடுக்கையும் அது சிரமமில்லாமல் துளைக்கும்.

தையலைக் கிழிசலின் முனையில் தொடங்காதீர்கள். முனையைத் தாண்டி ஒரு 2 செ.மீ. தள்ளி, நல்ல துணியில் தொடங்கி, மறுமுனையையும் தாண்டிப் போய் முடியுங்கள். பின்னுக்குப் போய் முன்னுக்கு வருகிற பின்தையல் போட்டால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் முழுவதும் பிரியாது. ரொம்ப நெருக்கமாகவும் குத்தாதீர்கள். தபால் முத்திரைத் தாளில் ஓட்டை போட்டதுபோல வரிசையாகத் துளை விழுந்தால் துணி அந்தக் கோட்டிலேயே கிழியும். இரண்டு குத்துக்கு நடுவே 3, 4 மி.மீ. இருக்கட்டும்.

முடிந்ததும் ஊசித் துளைகள் மேல் யூரித்தேன் பசையை மெல்லிய கோடாகத் தடவி இரவு முழுக்கக் காயவிடுங்கள். உள்ளே ஹீட்டர் எரியும்போது கூரையில் உறைந்த மூச்சு உருகிச் சொட்டும். காற்றும் நூல் வழியே ஊசியாய் வரும். இரண்டையும் இந்தக் கோடு நிறுத்தும்.

பஞ்சு டென்ட் என்றால் வெளித்துணியை முதலில் திருத்தி, பஞ்சு நன்றாகக் காய்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகே உட்துணியை மூடுங்கள். ஈரப் பஞ்சை உள்ளே வைத்துத் தைத்தால் அது அங்கேயே பூஞ்சணம் பிடிக்கும்.

ஏரி நடுவில் கிழிந்தால் என்ன செய்வது?

அன்றைய பொழுதை ஓட்டினால் போதும். டக்ட் டேப் உருளையை ஸ்லெட்டில் போடாமல் ஜாக்கெட்டுக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். கிழிந்த இடத்தில் படிந்த பனித் துகளைத் துடைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்திச் சூடாக்கி, பிறகு உள்ளிருந்து ஒட்டுங்கள். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலும் ஒரு பெரிய ஊசியும் பெட்டியில் இருந்தால் பெரிய கிழிசலையும் நான்கு தையலில் பிடித்துவைக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் டேப்பைக் கழற்றிவிடுங்கள். கோடை முழுக்க விட்டால் பசை துணியில் ஊறி, பிறகு எதுவும் ஒட்டாத பிசுக்காகிவிடும்.

கீழே சுற்றிவரும் பாவாடை கிழிந்துவிட்டது. எல்லாருக்கும் அங்கேதான் கிழிகிறது, ஏன்?

டென்டின் அடியில் சுற்றிவர ஒரு முழம் துணி தொங்கும். அதை வெளியே விரித்து மேலே பனியைக் கொட்டினால் காற்று உள்ளே வராது. மிகவும் நல்ல ஏற்பாடு. ஆனால் டென்டில் முதலில் சாவதும் அதுதான்.

எனக்கு இது புரிந்தது சிம்கோ ஏரியின் குக்ஸ் பே பக்கம் ஒரு பிற்பகலில். காலையில் பாவாடை மேல் அள்ளிப் போட்டது காய்ந்த பனி இல்லை, துளை போட்டபோது வெளியே வந்த தண்ணீர் ஊறிய பனி. மூன்று மணிக்குக் கிளம்பலாம் என்று டென்டைத் தூக்கினால் ஒரு பக்கம் அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். படீரென்று வெடித்த சத்தத்தில் பனிக்கட்டிதான் விரிசல் விட்டதோ என்று ஒரு கணம் உடம்பு விறைத்தது. திரும்பிப் பார்த்தால் ஒரு கை நீளத்துக்குப் பாவாடை டென்டை விட்டுப் பிரிந்து பனிக்கட்டியில் அப்படியே ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில், துணியின் இழைக்குள் தண்ணீர் புகுந்து உறைந்து, கண்ணாடி மாதிரி ஒரு படலம். துணியும் பனிக்கட்டியும் ஒன்றாகியிருந்தன. அன்றைக்கு அதைச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தபோதுதான், முதலிலேயே இப்படித் தட்டியிருந்தால் கிழிந்திருக்காதே என்று தெரிந்தது.

ஆகவே துளையிலிருந்து வரும் நீர்ப்பனியைப் பாவாடைக்குத் தள்ளி வாருங்கள். மேலே போடுவது தூள் பனியாக இருக்கட்டும். கிளம்புமுன் சுற்றிவரக் காலால் தட்டி உடைத்து, ஓரத்தை ஒரு மழுங்கிய பலகையால் கிளப்பிவிட்டு, பிறகு தூக்குங்கள். ஐஸ் உளியால் நெம்பினால் அது துணியை வெட்டிவிடும்.

கிழிந்ததைத் திருத்த, சின்னக் கிழிசலுக்கு ஒட்டுப் போதும். பல இடத்தில் போயிருந்தால் ஒட்டு மேல் ஒட்டுப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு பக்கத்துப் பாவாடையை முழுவதும் தையலோரம் வெட்டி எடுத்துவிட்டு, பி.வி.சி. பூசிய தார்ப்பாய்த் துணியில் அதே அகலத்துக்கு நீளப் பட்டை வெட்டி, மேலோரத்தை ஒரு மடிப்பு மடித்து இரண்டு வரிசைத் தையல் போடுங்கள். லொறி மூடுகிற அந்தத் துணியில் தண்ணீர் ஊறாது, பனிக்கட்டியும் எளிதில் உரிந்துவிடும். என் டென்டில் இப்படி மாற்றிய பக்கம்தான் மற்ற மூன்றையும்விட இன்று உறுதியாக இருக்கிறது.

டென்டைக் கயிற்றால் கட்டுகிற வளையம் பிய்ந்துவிட்டது.

வளையத்தை மட்டும் மறுபடி அடித்தால் பிய்ந்த துணியில்தான் அடிக்கிறீர்கள். பழைய பயணப்பையின் தோள்பட்டை நாடாவை ஒரு சாண் வெட்டி, மடித்து வளையமாக்கி, பின்னால் உள்ளங்கையளவு துணி கொடுத்து, சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போல இரண்டு கோடு தையுங்கள். காற்றில் டென்டைப் பிடித்து நிறுத்துவது இந்த இடம்தான். டென்டைப் போடும்போதும், அந்தக் கயிற்றைப் பிடிக்கிற திருகாணிகளில் காற்று வரும் பக்கத்தில் உள்ளதை முதலில் பனிக்கட்டியில் இறக்குங்கள்.

ஹீட்டர் சுட்டு ஓட்டை விழுந்துவிட்டது. சாதாரண ஒட்டுப் போடலாமா?

ஓட்டையின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். உருகி இறுகிய கறுப்பு மணிகள் கையில் உறுத்தும். அவற்றின் மேல் எந்த ஒட்டும் படியாது. கத்தரியால் அந்த விளிம்பு முழுவதையும் வெட்டி எடுத்து, மென்மையான துணி வருகிற வரை பெரிதாக்கிவிட்டு, பிறகு ஒட்டுங்கள். ஓட்டை பெரிதாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஒட்டுத் துணி விஷயத்தில் கவனம். பல டென்டுகளின் துணி தீ எளிதில் பரவாதபடி பதப்படுத்தப்பட்டது. உள்ளே தைத்திருக்கும் சீட்டில் சி.பி.ஏ.ஐ.-84 என்று இருந்தால் டென்ட் துணிக்கான அந்தத் தீத் தடுப்புச் சோதனைக்கு உட்பட்டது என்று பொருள். வீட்டில் கிடக்கிற பருத்தித் துணியையோ சாதாரணப் பிளாஸ்டிக் தார்ப்பாயையோ ஹீட்டர் பக்கம் ஒட்டினால் அந்தப் பாதுகாப்பு அங்கே இல்லாமல் போகிறது. அதே பதப்படுத்தலோடு வருகிற துணி வாங்குங்கள், அல்லது தயாரிப்பாளரிடம் ஒட்டுத் துண்டு கேளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். திருத்துகிற உற்சாகத்தில் காற்றுத் துவாரங்களை மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். "அது வழியாத்தான் அண்ணை குளிர் வருது" என்று ஒரு தம்பி இரண்டு துவாரத்தையும் டேப்பால் ஒட்டி வைத்திருந்ததை நான் கண்ணால் கண்டேன். உள்ளே புரொப்பேன் ஹீட்டர். அந்த இடத்திலேயே இருவரும் உரித்து எடுத்தோம். எரிகிற ஹீட்டர் உள்ளிருக்கும் ஒட்சிசனைத் தின்னும். ஒட்சிசன் குறைந்தால் கார்பன் மோனாக்சைட் என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலை வலிக்கிறது, தூக்கம் வருகிறது என்று மட்டும் இருக்கும். கிழிசல் வேறு, துவாரம் வேறு. துவாரத்தின் வலை கிழிந்தால் வலையை மாற்றுங்கள், வழியை அடைக்காதீர்கள். பட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைட் அலாரம் ஒன்றையும் உள்ளே தொங்கவிடுங்கள்.

ஜிப் மூடினாலும் பின்னால் வாய் பிளக்கிறது. முழு ஜிப்பையும் மாற்ற வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். தேய்ந்தது பல் இல்லை, அதன் மேல் ஓடுகிற ரன்னர். குறட்டால் ரன்னரின் பின்பக்கத்தை இடம் ஒரு தரம், வலம் ஒரு தரம் மெதுவாக நசுக்குங்கள். ஒரேயடியாக அழுத்தினால் உடையும். ஒவ்வொரு தரமும் ஓட்டிப் பாருங்கள். சரிவராவிட்டால் புது ரன்னர் வாங்குங்கள். பழையதின் முதுகில் 8 அல்லது 10 என்று எண் பொறித்திருக்கும், அதே எண் வேண்டும்.

உறைந்த ஜிப்பை இழுக்காதீர்கள். உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தால் இளகும். வீட்டில் காயவைத்த பிறகு பல் வரிசை மேல் மெழுகுதிரியால் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், மண்ணும் தூசியும் அதில் சேரும்.

ஜன்னல் பிளாஸ்டிக் வெடித்துவிட்டது.

குளிரில் வினைல் விறைக்கும். அப்போது மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும். பல டென்டுகளில் ஜன்னல் வெல்க்ரோவில்தான் நிற்கிறது. கழற்றி, துணிக்கடையில் மீற்றர் கணக்கில் விற்கும் தெளிந்த வினைலில் அதே அளவு வெட்டி, ஓரத்தில் வெல்க்ரோ தைத்தால் முடிந்தது. மடிக்குமுன் ஜன்னல்களைக் கழற்றித் தட்டையாக எடுத்துவாருங்கள்.

பைபர்கிளாஸ் கம்பி ஒடிந்துவிட்டது. ஒட்டலாமா?

கையுறை போடாமல் தொடாதீர்கள். ஒடிந்த முனையின் சிலும்பு தோலுக்குள் போனால் கண்ணுக்குத் தெரியாமல் நாள்கணக்கில் குத்தும். ஏரியில் இருக்கும்போது ஒடிந்த இடத்துக்கு இருபுறமும் சுள்ளியோ தூண்டில் கம்போ வைத்து டேப்பால் இறுக்கிச் சுற்றலாம். வீட்டில், கம்பி சரியாக நுழைகிற அலுமினியக் குழாயில் ஒரு சாண் வெட்டி, இரண்டு முனையையும் உள்ளே விட்டு எப்பொக்சியால் ஒட்டலாம். ஆனால் அந்த இடம் வளையாது. வளைவின் நடுவில் ஒடிந்திருந்தால் குழாய்க்குப் பக்கத்திலேயே மறுபடி ஒடியும். அதற்குப் புதுக் கம்பிதான். தடிப்பையும் நீளத்தையும் அளந்துகொண்டு வாங்குங்கள். ஒடிந்த கம்பியின் முனை துணியைக் குத்தியிருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

கோடையில் கராஜில் வைத்ததை எலி கடித்துவிட்டது.

எலிக்கு மடித்த பஞ்சு டென்ட் ஒரு மாளிகை. கடித்த ஓட்டைகள் மடிப்பு வழியாகப் போவதால் விரித்தால் ஐந்தாறு இடத்தில் ஒரே வடிவத்தில் இருக்கும். எச்சத்தை உதறாமல், கையுறையும் முகக்கவசமும் போட்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்துத் துடையுங்கள். பிறகு மேலே சொன்ன மாதிரி ஒட்டு. இனிமேல் மூடி இறுகுகிற பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள், அல்லது கூரையிலிருந்து தொங்கவிடுங்கள். எதுவானாலும் முழுக்கக் காய்ந்த பிறகு.

பதிவு எண் எழுதிய இடத்தில் ஒட்டுப் போடலாமா?

ஒன்ராறியோவில் அடிப்பரப்பு 7 சதுர மீற்றருக்கு மேற்படாத துணி டென்டுக்குப் பதிவு தேவையில்லை. அதைவிடப் பெரியது என்றால் எண் வெளியே தெளிவாகத் தெரிய வேண்டும். ஒட்டு மறைத்தால் ஒட்டின் மேல் மறுபடி எழுதுங்கள்.

எப்போது திருத்துவதை விட்டுவிட வேண்டும்?

உட்பூச்சு கையில் பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை அடித்தால் விட்டுவிடலாம். ஈரத்தோடும் வெக்கையோடும் கிடந்து பொலியூரித்தேன் சிதைந்துவிட்டது. வெறும் பூஞ்சணப் புள்ளி என்றால் வினாகிரியும் தண்ணீரும் கலந்து துடைத்து வெயிலில் காயவைத்தால் மணம் போகும், துணியும் பிழைக்கும். ஆனால் பூச்சே கரைந்த துணியில் ஒட்டும் நிற்காது, தையலும் நிற்காது.

அப்படியும் மொத்தமாக எறியாதீர்கள். கம்பிகள், குமிழ்கள், ரன்னர்கள், ஜன்னல்கள், திருகாணிகள், நாடாக்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிசுக்குப் பிடிக்காத சுவர் ஏதாவது இருந்தால் இரண்டு முழச் சதுரமாக வெட்டிச் சுருட்டி வையுங்கள். என் பெட்டியில் அப்படி ஒரு சிவப்புத் துணிச் சுருள் இருக்கிறது. போன குளிர்காலத்தில் நண்பர் ஒருவரின் டென்டுக்கு அதிலிருந்துதான் ஒட்டு வெட்டினோம். நிறம்கூடப் பொருந்தியது.